குப்பை, கோணி, துப்புரவு: சொற்களின் வழியே ஒரு தீவின் கழிவு வரலாறு



மொழியியல் கற்றவர்க்குக் குப்பையோடு என்ன உறவு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். இவ்வுரையின் தலைப்பைக் கேட்ட நண்பர் ஒருவரும் நம்மிடம் அதையே வினவினார். சொற்கள் மக்கள் புழங்கும் பொருள்களோடு சேர்ந்தே வளர்கின்றன. ஒரு பொருளின் மதிப்பு மாறும்போது அதைக் குறிக்கும் சொல்லின் மதிப்பும் மாறுகின்றது. வேண்டாம் என்று ஒரு சமூகம் ஒதுக்கும் பொருள்களுக்கும், அவற்றை அகற்றும் மனிதர்களுக்கும் அது இட்ட பெயர்களைத் தொகுத்துப் பார்த்தால் அச்சமூகத்தின் வரலாற்றில் ஒரு பகுதி புலப்படும். சிங்கப்பூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு அப்பகுதியைக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

வீட்டுக் கழிவை மறுபயனீடு செய்வதும் வேலையிடத்து இடர்களைக் குறைப்பதும் இரு வேறு பாடங்களாகவே பள்ளிகளில் கற்பிக்கப்படுகின்றன. முன்னது சுற்றுச்சூழல் பாடம். பின்னது தொழிற்பாதுகாப்புப் பாடம். இரண்டும் ஒரே பொருளின் இரு முனைகள் என்பதை இவ்வுரையின் இறுதிக்குள் நிறுவ முயல்வோம்.

குப்பை: குவியலாக இருந்த காலம்

'குப்பை' என்னும் சொல் தொடக்கத்தில் இழிபொருள் தரவில்லை. சங்கப் பாடல்களில் அது குவியல் என்னும் பொருளில் வழங்கியது. உமணர் குவித்து வைத்த உப்பும் குப்பையே. களத்தில் குவிந்த நெல்லும் குப்பையே. 'குவி', 'குவியல்' என்னும் சொற்களோடு அதற்கு உறவு உண்டு. சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்றோர் ஊர் இருக்கின்றது. நகரத்தார் வாழும் ஊர்களுள் ஒன்றான அதன் பெயருக்கு நெற்குவியல் என்பதே பொருள். இன்று அப்பெயரைக் கேட்கும் மாணவர் முகம் சுளிக்கக்கூடும். அவ்வூருக்குப் பெயரிட்டவர்களோ செழிப்பைக் கருதியே இட்டார்கள்.

குவியல் எப்போது கழிவுக் குவியலாயிற்று என்று ஆண்டு குறித்துச் சொல்ல இயலாது. ஆனால் அப்பொருள் மாற்றத்தின் இடைநிலையைச் சிற்றூர் வாழ்க்கையில் காணலாம். ஒவ்வொரு வீட்டின் பின்புறமும் குப்பைக்குழி இருந்தது. சாணம், அடுப்புச் சாம்பல், உதிர்ந்த இலை, காய்கறித் தோல் ஆகியன அதில் சேர்ந்து மக்கின. உழவுக்கு முன் அக்குழி வெட்டப்பட்டு, அதிலிருந்த எரு வயலுக்குச் சென்றது. திருக்குறளின் உழவு அதிகாரம் எருவிடுதலை ஏர் ஓட்டுவதினும் மேலாக வைத்துப் பேசுகின்றது. அவ்வுலகில் குப்பை ஒரு பொருளின் முடிவாக இல்லை. அடுத்த விளைச்சலின் முதலாக இருந்தது. குப்பைமேனி, குப்பைக்கீரை என்று மூலிகைக்கும் கீரைக்கும் பெயரிட்டவர்கள் குப்பையைப் பகையாகக் கருதியிருக்க முடியாது.

வயல் இல்லாத துறைமுக நகரில் இவ்வட்டம் அறுபடத் தொடங்கியது. ஆயினும் உடனே முற்றாக அறுந்துவிடவில்லை. சிங்கப்பூரில் மனிதக் கழிவு வாளிகளில் சேகரிக்கப்பட்ட காலத்தில், அதன் ஒரு பகுதி சீனர்களின் காய்கறித் தோட்டங்களுக்கு உரமாயிற்று. வாளி முறை 1987 ஜனவரியில்தான் முழுமையாக முடிவுற்றது. இன்று நடுவயதில் இருக்கும் ஆசிரியர்களின் பெற்றோர் அவ்வாளிகளைத் தூக்கிச் சென்றவர்களைக் கண்ணால் கண்டவர்கள்.

விடுதலைக்குப் பின் தூய்மை நாட்டுக் கொள்கையாயிற்று. 1968 அக்டோபர் 1ஆம் நாள் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ 'சிங்கப்பூரைத் தூய்மையாக வைத்திருப்போம்' இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். அதன் சுவரொட்டிகள் நான்கு மொழிகளிலும் ஒட்டப்பட்டன. அதே ஆண்டு சுற்றுப்புறப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. 1972இல் சுற்றுப்புறத்துக்கெனத் தனி அமைச்சு ஏற்பட்டது. 1977இல் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில், சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றையும் பத்து ஆண்டுகளில் தூய்மைப்படுத்த வேண்டும் என்று பிரதமர் இலக்கு வைத்தார். பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் மூடப்பட்டன. தெருவோர வணிகர்கள் உணவங்காடி நிலையங்களுக்குச் சென்றனர். 1983இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு இடம்பெயர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வாற்றில் படகோட்டியவர்களுள் சூலியா எனப்பட்ட தென்னிந்திய முஸ்லிம்கள் பெரும்பங்கு வகித்தனர் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். 1987இல் ஆறு தூய்மையாயிற்று. உடன் ஒரு பழைய தொழிலுலகமும் மறைந்தது.

ஆறு தூய்மையாயிற்று, குப்பையோ குறையவில்லை. 1970இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,200 டன் திடக்கழிவு அகற்றப்பட்டது. அண்மை ஆண்டுகளில் அது ஏறத்தாழ ஏழு மடங்காகப் பெருகியுள்ளது. புதைப்பதற்கு நிலம் போதாமையால் 1979இல் உலு பாண்டானில் முதல் எரியாலை இயங்கத் தொடங்கியது. எரிப்பதால் கழிவின் பரும அளவு ஏறத்தாழ 90 விழுக்காடு குறைகின்றது. எஞ்சும் சாம்பலுக்கு இடம் வேண்டுமே! தலைத்தீவின் கடைசிக் குப்பைக்கிடங்கான லோரோங் ஹாலுஸ் 1999 மார்ச் இறுதியில் மூடப்பட்டது. மறுநாள், ஏப்ரல் 1ஆம் நாள், தெற்கே செமாக்காவ் தீவுக் கிடங்கு செயற்படத் தொடங்கியது. ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளமுள்ள கல்லணை ஒன்று கடலை வளைத்து, 350 ஹெக்டர் பரப்பை அதற்கென ஒதுக்கியுள்ளது. பகலெல்லாம் நாம் எறிந்தவை இரவில் தோணியேறிச் சாம்பலாக அங்குச் சென்று சேர்கின்றன. 2035ஆம் ஆண்டளவில் அவ்விடமும் நிரம்பிவிடும் என்பது அரசாங்கத்தின் கணிப்பு.

ஆக, குப்பை என்னும் சொல் தன் பழம்பொருளுக்கே திரும்பியுள்ளது. உப்புக் குவியலும் நெற்குவியலும் இருந்த இடத்தில் இன்று சாம்பற்குவியல் உள்ளது. அதிலிருந்து எதுவும் முளைக்காது என்பதே வேறுபாடு.

கோணி: கொடுத்து வாங்கிய காலம்

வாரந்தோறும் அடுக்குமாடி வீடுகளின் நடைவழியில் ஊதுகுழல் ஒலி எழுப்பிக்கொண்டு வந்த கரங்குனிக்காரரை நம்முள் மூத்தோர் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். பழைய நாளிதழ், துணிமணி, பழுதான வானொலி, மின்விசிறி ஆகியவற்றை எடைபோட்டு அல்லது விலைபேசி வாங்கிச் செல்வார். மறுபயனீடு என்னும் கலைச்சொல் பிறக்கும் முன்பே அத்தொழில் இங்கே வேரூன்றியிருந்தது.

அவர்தம் பெயரைச் சற்று உற்று நோக்குவோம். மலாய் மொழியில் 'காருங் குனி' என்றால் சணற்சாக்கு. அதில் வரும் 'குனி' என்பது நமக்கு அயற்சொல் அன்று. தமிழில் கோணி, வடமொழியில் கோணீ, இந்தியில் கோனீ, ஆங்கிலத்தில் கன்னி என்று வழங்கும் சொற்கள் யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அரிசியையும் மிளகையும் சுமந்து இந்தியப் பெருங்கடலைக் கடந்த சாக்கு தன் பெயரையும் சுமந்து சென்றது. பின்னர் அச்சாக்கில் பழம்பொருள் வாங்கிச் சுமந்தவருக்கே அப்பெயர் ஆகிவந்தது. கருவியின் பெயர் அதைக் கையாள்பவருக்கு ஆகுபெயராக அமைந்த இவ்வெடுத்துக்காட்டை இலக்கண வகுப்பில் ஆசிரியர்கள் தயங்காமல் பயன்படுத்தலாம். மாணவர் அன்றாடம் கேட்கும் சொல் ஆகையால் எளிதில் மனத்தில் நிற்கும்.

கரங்குனிக்காரர் சேர்த்த பொருள்களுள் ஒரு பகுதி சுங்கை ரோட்டுச் சந்தையில் மறுவிற்பனைக்கு வந்தது. பல பத்தாண்டுகள் நடந்த அச்சந்தை 2017 ஜூலை 10ஆம் நாள் மூடப்பட்டது. கரங்குனிக்காரர் இன்றும் சிலர் உள்ளனர். ஆனால் ஊதுகுழல் ஒலி அருகிவிட்டது.

இங்கே நாம் ஒரு வினைச்சொல்லைக் கவனிக்க வேண்டும். கரங்குனிக்காரரிடம் பழைய நாளிதழைக் 'கொடுத்தோம்' என்றே எல்லா வீடுகளிலும் சொன்னார்கள். 'எறிந்தோம்' என்று யாரும் சொல்லவில்லை. கொடுத்தல் என்னும் வினைக்கு வாங்குபவர் ஒருவர் வேண்டும். அவர் முகத்தை நாம் பார்க்கிறோம். நம் பொருளை அவர் பார்க்கிறார். நனைந்த தாளையும் குழம்பு படிந்த அட்டைப்பெட்டியையும் அவர் வாங்கமாட்டார். அதனால் வீட்டிலேயே தாள் உலர்ந்த இடத்தில் அடுக்கப்பட்டது, நூலால் கட்டப்பட்டது. விளம்பரமும் அறிவுரையும் இல்லாமலே தரம்பிரித்தல் நிகழ்ந்தது. அதைச் செய்வித்தது எதிரில் நின்ற மனிதரின் 'வேண்டாம்' என்னும் ஒரு சொல்.

குப்பைக் குழாயும் நீலத் தொட்டியும்

அடுக்குமாடி வாழ்க்கை நமக்குக் குப்பைக் குழாயைத் தந்தது. முந்தைய வீவக வீடுகளில் சமையலறைக்குள்ளேயே அதன் வாய் இருந்தது. 1989 முதல் கட்டப்பட்ட புளோக்குகளில் தளத்துக்குப் பொதுவான குழாய் அமைந்தது. சுகாதார நோக்கில் அது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும், கதவைத் திறந்து போட்டு மூடியவுடன் பொருள் மறைந்துவிடும் ஒரு பழக்கத்தையும் அது உடன் கொண்டுவந்தது. கொடுத்தல் என்னும் வினை குறைந்து, போடுதல், எறிதல் என்னும் வினைகள் பெருகின.

2001 ஏப்ரலில் தேசிய மறுபயனீட்டுத் திட்டம் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுக் காலத்தில் புளோக்குதோறும் நீலத் தொட்டிகள் வைக்கப்பட்டன. 2014இல், புதிதாகக் கட்டப்படும் வீவக புளோக்குகள் அனைத்திலும் மறுபயனீட்டுப் பொருளுக்கெனத் தனிக் குழாய் அமைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 2019இல் வளங்களின் நீடித்த நிலைத்தன்மைக்கான சட்டம் இயற்றப்பட்டது. 2021 ஜூலை முதல் மின்னணுக் கழிவுக்கு உற்பத்தியாளர் பொறுப்பேற்கும் முறை நடைமுறைக்கு வந்தது. 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பிளாஸ்டிக் பைக்குக் குறைந்தது 5 காசு கட்டணம் விதிக்கப்பட்டது.

வசதிகள் பெருகின; பயன் பெருகியதா? 2018இல் 22 விழுக்காடாக இருந்த வீட்டுக் கழிவு மறுபயனீட்டு விகிதம் 2023இல் 12 விழுக்காடாகக் குறைந்தது. 2030க்குள் 30 விழுக்காட்டை எட்டுவது நாட்டின் இலக்கு. நீலத் தொட்டியில் சேர்வனவற்றுள் ஏறத்தாழ 40 விழுக்காடு உணவாலும் நீர்மங்களாலும் மாசுபட்டோ, மறுபயனீட்டுக்கு ஆகாதனவாகவோ இருக்கின்றன என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் கூறுகின்றது. இணையவழி வாசிப்பால் அச்சுத் தாள் குறைந்தது முதலான பொருளியற் காரணங்களும் விகிதச் சரிவுக்கு உண்டு. மாசுக்கு மட்டும் நாம் கருதும் காரணம் எளிது. கரங்குனிக்காரர் மறுத்தார், நீலத் தொட்டி மறுப்பதில்லை.

கலைச்சொல்லைப் பற்றியும் ஒரு கருத்து. தமிழ்நாட்டில் 'மறுசுழற்சி' என்பது பெருவழக்கு. சிங்கப்பூரில் 'மறுபயனீடு' என்பது நன்கு வழங்குகின்றது. சுழற்சி தானே நடைபெறும் இயக்கத்தைக் குறிக்கும். காற்றும் நீரும் சுழல்வதுபோல. அதற்குச் செய்பவர் தேவையில்லை. பயனீடு என்பதிலோ ஈடுதல், அதாவது இடுதல் என்னும் செயல் தொக்கி நிற்கின்றது; ஒருவர் முனைந்து பயன்படுமாறு செய்தாக வேண்டும். பழையதை அப்படியே மீண்டும் பயன்படுத்துவதோடு குழம்புவதற்கு இடமுண்டு என்னும் குறை அச்சொல்லுக்கு இருப்பினும், பொறுப்பை மனிதர்மேல் வைப்பதால் அதையே நாம் விரும்புகிறோம்.

துப்புரவு: சொல் சுமந்த மனிதர்கள்

இனி, கழிவை அகற்றுவோரைப் பற்றிய சொற்களுக்கு வருவோம். 'துப்புரவு' என்பது திருக்குறளில் மும்முறை வருகின்றது. ஓரிடத்தில் துறவியர்க்கு இல்லறத்தார் அளிக்கும் உணவு முதலியவற்றைக் குறிக்கின்றது. மற்ற ஈரிடங்களில் நுகர்பொருள் ஏதுமில்லாத வறியவரைச் சுட்டப் பயன்படுகின்றது. துய்த்தல் என்னும் வினையோடு உறவுடைய அச்சொல்லுக்கு, வாழ்வதற்கு வேண்டிய பொருள் என்பதே அங்குப் பொருள். பிற்காலத்தில் அது தூய்மையைக் குறித்து, பின்னர்த் தூய்மை செய்யும் தொழிலைக் குறித்தது. நாம் துய்த்தவற்றின் எச்சத்தை அகற்றுவோருக்குத் துய்த்தலின் பெயரே அமைந்தது தற்செயல்தான். ஆயினும் பொருத்தமான தற்செயல்.

ஆங்கிலேயர் ஆட்சியில் சிங்கப்பூர் நகராட்சியின் சாலை வேலை, வடிகால் வேலை, துப்புரவு வேலை ஆகியவற்றில் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாக ஈடுபட்டனர். அவர்களுக்கு முன்னர், 1825 முதல் 1873 வரை, இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் சதுப்பு நிலங்களைத் தூர்த்துச் சாலைகள் அமைத்தனர். இந்நகரின் தூய்மையில் நம்மவர் உழைப்பு இரு நூற்றாண்டுப் பழமை உடையது. பெரும்பாலும் பெயர் பதியப்படாத உழைப்பு அது.

தொழிலோடு ஓர் இழிவும் கப்பலேறி வந்தது. தமிழகச் சிற்றூர்களில் சாதியோடு பிணைந்திருந்த 'தோட்டி' என்னும் சொல் மலாயாத் தோட்டப்புறங்களிலும் வழங்கியது. அச்சொல்லால் அழைக்கப்பட்டவரின் பிள்ளைகள் பள்ளியில் பட்ட சிறுமையை நம் தலைமுறையினர் நேரில் அறிவர். இன்று சிங்கப்பூரில் 'துப்புரவாளர்' என்கிறோம். தமிழக அரசு 2020இல் 'துப்புரவுப் பணியாளர்' என்பதைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. பெயர் மாற்றம் வேண்டத்தக்கதே. ஆனால், சொல் ஒருவரை உயர்த்திவிட்டது என்று நம்பி நாம் கடமையை முடித்துக்கொள்ளக் கூடாது. சிங்கப்பூரில் துப்புரவுத் துறைக்குப் படிப்படியாக உயரும் ஊதிய முறை 2014இலும், கழிவு நிர்வாகத் துறைக்கு 2023 ஜூலையிலும் கட்டாயமாக்கப்பட்டது. சொல்லோடு ஊதியமும் உயர்ந்தால்தான் மதிப்பு நிலைபெறும். ஊதியத்தோடு பாதுகாப்பும் சேர வேண்டும்.

இடர்: நிகழ்ந்தபின் அறிவதா, நிகழுமுன் அறிவதா?

வேலையிடத்துத் தீங்கைக் குறிக்க நீண்ட காலம் நமக்கு 'விபத்து' என்னும் ஒரு சொல்லே இருந்தது. விபத்து என்றால் நிகழ்ந்து முடிந்தது. பெரும்பாலும் விதியின்மேல் பழி போடப்படுவது. சிங்கப்பூரில் 1973இன் தொழிற்சாலைச் சட்டம் இயந்திரங்களுக்கும் கட்டடங்களுக்கும் விதிகள் வகுத்தது. 1978 அக்டோபர் 12ஆம் நாள் ஜூரோங்கில் பழுதுபார்க்கப்பட்டுக்கொண்டிருந்த 'ஸ்பைரோஸ்' என்னும் எண்ணெய்க் கப்பலில், தொட்டியில் தேங்கியிருந்த எரியும் ஆவி தீப்பற்றி வெடித்து 76 பேர் மாண்டனர். 2004 ஏப்ரல் 20ஆம் நாள் நிக்கல் நெடுஞ்சாலையில் சுரங்க ரயில் கட்டுமானப் பள்ளம் இடிந்து 4 பேர் உயிரிழந்தனர். ஓசையின்றித் தாக்கிய தீங்குகளும் இருந்தன. கருங்கல் அகழ்ந்தோரின் நுரையீரலில் சிலிக்காத் தூசு படிந்தது. இரைச்சல் மிக்க ஆலைகளில் உழைத்தோரின் செவிப்புலன் மங்கியது. கட்டடங்களில் கல்நார் பயன்படுத்துவது 1989இல் தடைசெய்யப்பட்டது.

2006 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சிந்தனையை மாற்றியது. தீங்கு நிகழ்ந்தபின் விசாரிப்பதோடு நில்லாமல், நிகழுமுன் 'இடர் மதிப்பீடு' செய்தல் முதலாளியின் கடமையாயிற்று. 2011 செப்டம்பரில் அச்சட்டம் எல்லா வேலையிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டது; பள்ளியும் கடையும் அதனுள் அடங்கின. 2004இல் 1,00,000 தொழிலாளர்க்கு 4.9 ஆக இருந்த வேலையிட மரண விகிதம் 2023இல் 0.99 ஆகக் குறைந்தது. 'விபத்து' என்னும் சொல்லிலிருந்து 'இடர்' என்னும் சொல்லுக்கு ஒரு நாடு நகர்ந்ததன் பயனை இவ்வெண்களில் காண்கிறோம். ஆயினும் அவ்வாண்டிலும் 36 பேர் வேலையிடத்தில் உயிரிழந்தனர்.

இவ்விடத்தில் நம் அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் தன் வேலையிட எச்சரிக்கைப் பலகைகளின் தமிழைச் சரிபார்க்குமாறு நம்மைக் கேட்டது. தொட்டிகளுக்குள்ளும் சாக்கடைக் குழிகளுக்குள்ளும் இறங்குவோருக்கான பலகை ஒன்றில் 'வரையறுக்கப்பட்ட விண்வெளி. அனுமதியின்றி நுழையாதீர்' என்று எழுதப்பட்டிருந்தது. காற்றோட்டமில்லாத குறுகிய இடத்தை ஏதோ ஒரு மொழிபெயர்ப்புக் கருவி விண்வெளி ஆக்கிவிட்டது. முதலில் நமக்குச் சிரிப்பு வந்தது. அங்கிருந்த தமிழ்த் தொழிலாளர் ஒருவரிடம் இதற்கு என்ன பொருள் கொண்டீர்கள் என்று கேட்டோம். "புரியலைங்க ஐயா. மத்தவங்க இறங்குனா நாங்களும் இறங்குவோம்" என்றார். சிரிப்பு அடங்கிவிட்டது.

சாக்கடைக் கழிவும் உணவுக் கழிவும் காற்றில்லாமல் அழுகும் இடங்களில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உருவாகின்றது. அது காற்றைவிடக் கனமானது. ஆகவே பள்ளத்தில் தங்கும். முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். செறிவு மிகுந்தால் மூக்கின் மோப்ப ஆற்றலையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று எண்ணி இறங்குபவர் மீள்வதில்லை. 2024 மே மாதம் சிங்கப்பூரின் நீர்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றில் இவ்வாயுவால் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். இத்தகைய இடத்தில் ஒரு பலகையின் தமிழ் பிழையாக இருப்பது இலக்கணக் குறையோடு நிற்பதன்று. அதுவே ஓர் இடர். மொழி கற்பிப்போர் தம் பணி எவ்வளவு தூரம் எட்டும் என்பதை இதிலிருந்து உணரலாம். அப்பலகையை 'காற்றில்லாத இடம். உள்ளே விஷவாயு இருக்கலாம். சோதிக்காமல் இறங்காதே' என்று மாற்றித் தந்தோம். புதிய சொல் எதுவும் ஆக்கவில்லை. தொழிலாளர் பேசும் சொற்களே போதுமாயின.

இரு படிகள், ஒரே ஒழுங்கு

இப்போது தொடக்கத்தில் சொன்ன இணைப்புக்கு வருவோம். கழிவு நிர்வாகத்தில் ஒரு படிவரிசை உண்டு. உருவாகாமலே தவிர்த்தல் முதற்படி. மீண்டும் பயன்படுத்தல், மறுபயனீடு செய்தல், எரித்து ஆற்றல் பெறுதல், புதைத்தல் ஆகியன அடுத்தடுத்த படிகள். தொழிற்பாதுகாப்பிலும் ஒரு படிவரிசை உண்டு. இடரை அடியோடு நீக்குதல் முதற்படி. தீங்கு குறைந்ததைக் கொண்டு மாற்றுதல், தடுப்பும் காற்றோட்டமும் அமைத்தல், விதிமுறையும் பயிற்சியும் வகுத்தல் ஆகியன அடுத்தவை. கையுறையும் முகக்கவசமும் இறுதிப்படி. இரண்டும் மூலத்திலேயே தடுப்பதை முதலாக வைக்கின்றன. நடைமுறையில் நாமோ இரண்டிலும் கீழ்ப்படியிலிருந்தே தொடங்குகிறோம்; வீட்டில் தொட்டியை வைக்கிறோம், வேலையிடத்தில் கையுறையைக் கொடுக்கிறோம்.

இவ்விரு படிவரிசைகளும் சந்திக்கும் இடம் தரம்பிரிக்கும் ஆலை. நீலத் தொட்டியில் போடப்பட்டவை நகரும் பட்டையில் செல்ல, தொழிலாளர் இருபுறமும் நின்று கையால் பிரிக்கின்றனர். உடைந்த கண்ணாடி, பயன்படுத்திய ஊசி, குழந்தையின் அணையாடை, பாதி தீர்ந்த எரிவாயுக் குப்பி ஆகியன அவர்தம் கைக்கு வருகின்றன. கைப்பேசி மின்கலம் நசுங்கினால் தீப்பிடிக்கும். குப்பை வண்டிக்குள் அது நேர்ந்தால் ஓட்டுநருக்கும் ஆபத்து. ஆகவே வீட்டில் ஒருவர் செய்யும் கவனக்குறைவு வேறொருவரின் வேலையிட இடராக மாறுகின்றது. நம் சமையலறை அவருடைய வேலையிடத்தின் முதல் அறை. இதை உணர்ந்த மாணவருக்கு இரு பாடங்களும் ஒன்றாகிவிடும்.

முடிவாக

'கழிவு' என்னும் சொல்லுக்கு இவ்வட்டாரத் தமிழில் வேறொரு பொருளும் உண்டு. கடை விளம்பரங்களில் '50 விழுக்காடு கழிவு' என்று காண்கிறோம். விலையில் கழித்துக்கொள்வது அது. விலைக்கழிவைக் கண்டு வேண்டாததை வாங்கி, அதுவே விரைவில் வீட்டுக்கழிவாகி, இறுதியில் செமாக்காவில் சாம்பலாகின்றது. ஒரு சொல்லின் இரு பொருள்களுக்கும் இடையே நம் வாழ்க்கை முறை முழுவதும் அடங்கிவிடுகின்றது.

ஆசிரியர்களுக்கு ஒரு சிறு பயிற்சியைப் பரிந்துரைத்து அமைகிறோம். மாணவர் ஒரு வாரம் தம் வீட்டிலிருந்து வெளியேறும் பொருள்களைப் பட்டியலிடட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே வீட்டார் பயன்படுத்திய வினைச்சொல்லை எழுதட்டும்: எறிந்தோம், கொட்டினோம், போட்டோம், கொடுத்தோம். பிறகு, அப்பொருளை அடுத்துத் தொடப்போகும் கை யாருடையது என்று எழுதட்டும். மூன்றாம் நிரலை நிரப்பத் தொடங்கிய மாணவர் கண்ணாடித் துண்டைத் தாளில் சுற்றாமல் போடமாட்டார். குப்பியைக் கழுவாமல் நீலத் தொட்டியில் இடமாட்டார். மின்கலத்தை அதற்குரிய பெட்டியைத் தேடிச் சேர்ப்பார். 'எறிந்தோம்' என்னும் சொல் அப்பட்டியலில் குறைந்து 'கொடுத்தோம்' என்பது மிகுமாயின், இப்பயிற்சி பயன் தந்ததாகக் கொள்ளலாம்.

கோணி சுமந்து வந்தவர் இனி நம் வாசலுக்கு வராமல் போகலாம். வாங்கிக்கொள்ளும் கை ஒன்று எப்போதும் மறுமுனையில் இருக்கின்றது. அக்கைக்கு உரிய மதிப்போடு நம் பொருளைக் கொடுப்போம்.